சீனத்துத் தாய்மாமனும் என் கத்திரிக்கோலும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதச் சனிக்கிழமை. ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில், மூன்றாம் மாடியில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒரு பெரிய மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்றுவிட்டேன். ஆயுதம், கத்திரிக்கோல். அவர் தலையில் ஒரு முடியைக்கூட நான் தொடவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

கத்திரிக்கோல் என் கைக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் இங்கே முடிவெட்டும் கடைகளையெல்லாம் மூடிவிட்டார்கள். என் கணவருக்கு முடி காதைத் தாண்டிக் கழுத்துக்கு வந்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் நானே கத்திரியை எடுத்தேன். முதல் தடவை வெட்டியபோது மனுஷன் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார். ஆனால் கை பழகப் பழக வேலை சுத்தமாகிவிட்டது. கடைகள் திறந்த பிறகும் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள், கணவரின் ஆபீஸ் நண்பர்கள் என்று ஒவ்வொருவராக என்னிடம் வர ஆரம்பித்தார்கள். வாய்க்கு ருசியாக எதையாவது கொடுத்தும் அனுப்புவேன் என்பதால் கூட்டம் குறையவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன.

எதிர்வீட்டில் ஒரு சீனப் பையன் இருந்தான். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தான். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன், அவனும் அதுதான் தன் பெயர் என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பான். பதிலுக்கு என்னை அக்கா என்பான். நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலம், அதில் முட்டினால் ஜெர்மன், அதிலும் முட்டினால் கை.

அந்தத் தடவை சீனப் புத்தாண்டுக்கு அவன் வீட்டுக் கதவில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டியிருந்தான். அதில் தங்க நிறத்தில் ஒரே ஒரு எழுத்து, தலைகீழாக. அவசரத்தில் தப்பாக ஒட்டிவிட்டானோ என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் என்றான். அந்த எழுத்துக்கு அர்த்தம் நல்ல பாக்கியமாம். அவர்கள் மொழியில் 'தலைகீழ்' என்ற சொல்லும் 'வந்துவிட்டது' என்ற சொல்லும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்குமாம். அதனால் பாக்கியம் தலைகீழ் என்றால் பாக்கியம் வந்தாச்சு என்று ஆகிவிடுகிறது. புத்தாண்டன்று வீடு கூட்டக்கூடாது, வந்த பாக்கியம் வெளியே போய்விடும் என்றும் சொன்னான். நம் ஊரிலும் விளக்கு வைத்த பிறகு கூட்டமாட்டோம், லட்சுமி போய்விடுவாள் என்று நான் சொன்னேன். சீனா இவ்வளவு பக்கத்திலா இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாதி தெரிந்தவுடனே எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைப்பது என் சுபாவம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புத்தாண்டு முடிந்து ஒரு வாரம் போயிருக்கும். சனிக்கிழமை காலையில் தம்பி வந்து கதவைத் தட்டினான். கழுத்தில் துண்டு, முடி கண்ணை மறைக்கிறது. திங்கட்கிழமை வேலைக்கு நேர்முகத் தேர்வாம். ஆராய்ச்சியை முடிக்கிற அவசரத்தில் முடி வெட்ட மறந்துவிட்டது, இன்றைக்கு வெட்டிவிட முடியுமா என்று மெதுவான குரலில் கேட்டான். ஏன் இவ்வளவு ரகசியமாகக் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் உள்ளே கூப்பிட்டு, ஸ்டூலில் உட்காரவைத்து, பழைய போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டேன்.

சீப்பைத் தண்ணீரில் நனைக்கிற நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. திறந்தால் வாசலில் அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு மனிதர். உருண்டை முகம், நீலக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். என்னைப் பார்த்துக் குனிந்து சிரித்துவிட்டுப் பையை நீட்டினார். தம்பி போர்வைக்குள் அப்படியே கல்லாகிவிட்டான். இவர் தன்னுடைய அங்கிள், புத்தாண்டுக்காக ஊரிலிருந்து வந்து தன்னுடன் தங்கியிருக்கிறார் என்று முணுமுணுத்தான்.

அங்கிள் என்றால் எனக்குப் போதாது. நான் மதுரைக்காரி. அம்மாவுடன் பிறந்தவரா, அப்பாவுடன் பிறந்தவரா என்று கேட்டேன். அம்மாவின் தம்பி என்றான். எங்கள் மொழியில் அதற்குத் தனிச் சொல்லே இருக்கிறது, அங்கிள் என்று பொதுவாகச் சொல்லமாட்டோம் என்றும் சேர்த்தான். இத்தனை வருடம் ஜெர்மனியில் இருந்து தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே சொல்லைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்த எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "வாங்க மாமா, வாங்க மாமா" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே கூட்டிவந்தேன். அவர் திருதிருவென்று விழித்தார். தம்பிக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மாவாம். வாசலில் நின்ற மனிதரை நான் அம்மா, அம்மா என்று அழைத்து உட்காரவைத்திருக்கிறேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் நானா? எங்கள் ஊரில் பிள்ளைக்கு முதல் மொட்டை போடும்போது தாய்மாமன் மடியில்தான் உட்காரவைப்போம், காது குத்துவதும் அவர் மடியில்தான், மாமன் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காது என்று தம்பியிடம் பெருமையாக விளக்கினேன். அதை அப்படியே மாமாவுக்குச் சொல்லச் சொன்னேன். அவன் ஏதோ சொன்னான். எவ்வளவு சொன்னான் என்பது அவனுக்குத்தான் வெளிச்சம். பிறகு நான் கத்திரிக்கோலை இரண்டு கையாலும் எடுத்து மாமாவிடம் நீட்டினேன். மாமன் இருக்கும்போது முதல் வெட்டை நான் வெட்டுவது முறையில்லை, நீங்களே வெட்டிக் கொடுங்கள் என்று சைகை காட்டினேன்.

தம்பி வேண்டாம் என்றான். நான் பரவாயில்லை என்றேன். மறுபடியும் வேண்டாம் என்றான். எங்கள் வீட்டில் இரண்டாவது காபிக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள், அதற்காகக் கொடுக்காமல் இருப்போமா? மூன்றாவது தடவை வேண்டாம் என்றபோது அவன் குரல் நடுங்கியதுபோல இருந்தது. மாமன் மேல் இவ்வளவு மரியாதையா என்று உருகிப்போனேன்.

மாமா கத்திரிக்கோலைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். பிறகு அவர் எழுந்து வந்து, கத்திரியை என் கையிலிருந்து வாங்கி, தம்பியின் நெற்றியில் விழுந்த முடியில் ஒரு கொத்தை எடுத்து வெட்டினார். அவசரமே இல்லாமல் நிதானமாகத்தான் வெட்டினார். நான் கைதட்டினேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மீதியை நான் அழகாக முடித்தேன். மதியம் ஆகிவிட்டதால் இருவரையும் சாப்பிட உட்காரவைத்தேன். தயிர்சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். மாமா ஒரு மோர் மிளகாயை முழுசாக வாயில் போட்டார். முகம் லேசாகச் சிவந்தது, ஆனாலும் சிரித்தார். பிடித்துவிட்டது போல என்று இன்னும் கொஞ்சம் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். தட்டு காலியானால் வைக்க வேண்டும் என்பது என் கணக்கு. வைத்ததைச் சாப்பிட வேண்டும் என்பது அவர் கணக்கு. சீனர்கள் என்றால் காரம் நன்றாகச் சாப்பிடுவார்கள் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தேன். அது வேறு மாகாணமாம். இவர்கள் ஷான்டோங் பக்கம், வெங்காயத்தையும் பூண்டையும்தான் காரம் என்பார்களாம்.

அவர்கள் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எதிர்க்கதவு படாரென்று திறந்தது. தம்பி ஓடிவந்து, மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றான். போய்ப் பார்த்தால் மனிதர் சோபாவில் வியர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார். அப்போதும் என்னைப் பார்த்து எழுந்து குனிய முயற்சி செய்தார். என் கணவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அவர்கள் வந்து தம்பியையும் கூட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமா வீட்டுக்குள் போடும் செருப்போடு போயிருந்தார், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. அவருடைய ஷூவையும் கம்பளிக் கோட்டையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் தம்பி தனியாக உட்கார்ந்திருந்தான். உள்ளே பரிசோதனை நடக்கிறது. அவன் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தான். கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து அவன் அம்மா, வீடியோவில். ஆம்புலன்ஸில் ஏறும்போதே அவருக்கு இரண்டு வரி தகவல் அனுப்பியிருந்தானாம். அவன் எடுக்கவில்லை. பாவம், கூடப்பிறந்தவருக்கு என்ன ஆச்சோ என்று அந்த அம்மா துடிக்கமாட்டாரா, எடுத்துப் பேசு என்றேன். அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"அக்கா, புத்தாண்டின் முதல் மாதத்தில் முடி வெட்டினால் தாய்மாமன் செத்துப்போவார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்."

என் கையில் அந்த மனிதருடைய ஷூ இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவன்தான் என்னைச் சமாதானப்படுத்தினான். இதெல்லாம் சும்மா பேச்சு அக்கா என்றான். முன்னொரு காலத்தில் ஆட்சி மாறி, எல்லோரும் முடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்களாம். பழைய காலத்தை மறக்கவில்லை என்று காட்ட ஜனங்கள் முதல் மாதத்தில் முடியில் கை வைக்கவில்லையாம். அவர்கள் மொழியில் 'பழையதை நினைப்பது' என்பதும் 'மாமன் சாவது' என்பதும் உச்சரிப்பில் ஏறக்குறைய ஒன்றாம். காலப்போக்கில் பழையது போய் மாமன் வந்துவிட்டார். தனக்கு இதில் துளிகூட நம்பிக்கை இல்லை, அதனால்தான் மாமாவுக்குத் தெரியாமல் வெட்டிக்கொண்டு தொப்பியோடு சமாளித்துவிடலாம் என்று வந்தேன் என்றான். இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன பிள்ளை, பரிசோதனை அறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவனுடைய அப்பாவுக்கு எப்போதும் வெளியூர் வேலையாம். தினமும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது இந்த மாமாதானாம். அதைச் சொல்லும்போது தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டான்.

ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். மூன்று தடவை வேண்டாம் என்றேனே என்றான்.

நான் வெளியே போய்க் கணவருக்குப் போன் செய்தேன். வெட்டிய முடியைக் கொட்டிவிடாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, திரும்ப ஒட்டவா முடியும்? அழுதுகொண்டே முழுக்கதையையும் சொன்னேன்.

"ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்ல ஆளைக் காலி பண்ணப் பாத்திருக்கே," என்றார். பிறகு, முடியை ஏற்கெனவே கீழே கொண்டுபோய்விட்டதாகவும், அதை மக்கும் குப்பைத் தொட்டியில் போடுவதா மற்ற குப்பையில் போடுவதா என்று தெரியாமல் முழித்து, கடைசியில் பக்கத்துவீட்டு ஜெர்மன்காரர் வந்து தீர்ப்புச் சொன்னதாகவும் விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தார். போனை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா நீலச் சீருடையில் எதிரே வந்தார். அவர் அந்த ஆஸ்பத்திரியில்தான் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். சீன மாமாவைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கெஞ்சினேன்.

"நோயாளியைப் பற்றி நான் வெளியிலை கதைக்க ஏலாது, தங்கச்சி. இஞ்ச சட்டம் அப்பிடி," என்றார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் அருகில் வந்தார். "ஆனா, நீங்கள் அந்த மனுசனுக்குச் சாப்பிட என்ன குடுத்தனீங்கள் எண்டு நான் உங்களைக் கேக்கலாம்தானே?"

தயிர்சாதம் என்றேன். உருளைக்கிழங்கு என்றேன். பிறகு என் குரல் இறங்கிவிட்டது. மோர் மிளகாய் என்றேன். எத்தனை என்று கேட்டார். கிண்ணம் காலி என்றேன். அக்கா என் தோளைத் தட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் பயந்தேன், சிரித்திருக்கிறார்.

சாயங்காலம் டாக்டர் வந்து, இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, வயிற்றில் அமிலம் பொங்கி நெஞ்சைப் பிடித்திருக்கிறது என்றார். எங்களை உள்ளே விட்டார்கள். மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி எழுந்து குனியப் பார்த்தார். நான் அவர் கால்மாட்டில் ஷூவை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். தம்பி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினான்.

அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. மாமா கையை நீட்டிப் போனை வாங்கினார். திரையில் ஒரு அம்மா, கண்ணெல்லாம் வீங்கி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மாமா ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார், சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தம்பியின் தலையையும் காட்டினார். அவ்வளவுதான். அந்த அம்மா பிடித்துக்கொண்டார் பாருங்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒரு அக்கா தன் கூடப்பிறந்தவனைத் திட்டுவது எந்த மொழியிலும் தெரிந்துவிடும். நர்ஸ் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் வரை திட்டினார். மாமா நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

என்ன சொன்னார் என்று தம்பியிடம் கேட்டேன். 'முடியை வெட்டியது நான்தான், இவன் வேண்டாம் என்றுதான் சொன்னான்' என்று சொன்னாராம்.

எனக்கு மனசு ஆறவில்லை. அப்படியென்றால் இவருக்கும் இதில் நம்பிக்கை இல்லையா, சும்மா விளையாட்டாகத்தான் வெட்டினாரா என்று கேட்கச் சொன்னேன். தம்பி கேட்டான். மாமா பலமாகத் தலையாட்டி மறுத்தார். முழுக்க நம்புகிறாராம். தன்னுடைய தாய்மாமன் இறந்துபோன பிறகும்கூட, எதற்கு வம்பு என்று முதல் மாதத்தில் அவர் முடி வெட்டியதே இல்லையாம். பிறகு எதற்குக் கத்திரியை வாங்கினீர்கள் என்றேன்.

மாமா நிதானமாகப் பேசினார். தம்பி உடனே மொழிபெயர்க்கவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தான். நான் தோளைத் தொட்ட பிறகுதான் சொன்னான்.

"துண்டை எடுத்துக்கொண்டு நீ போனபோதே எனக்குத் தெரியும். எப்படியும் நீ வெட்டிக்கொள்வாய். அதற்குப் பிறகு எனக்கு என்றைக்கு என்ன ஆனாலும், இன்னும் இருபது வருடம் கழித்துச் செத்தால்கூட, உன்னால்தான் என்று நினைப்பாய். என் கையால் வெட்டிவிட்டால் அது என் தப்பு. உன் தலையில் ஒரு பழியும் இல்லை."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். தாய்மாமன் என்றால் யார் என்று காலையில் இந்த மனிதருக்குப் பாடம் எடுத்தவள் நான்.

அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு கணினி வழியாக நடந்தது. தேர்வு நடத்தியவர்கள் பக்கம் ஏதோ கோளாறு, குரல் மட்டும்தான் கேட்டதாம், படம் வரவே இல்லையாம். தம்பியின் முடியை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. மாமா ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரு பொட்டலம் மோர் மிளகாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அவ்வளவு பிடித்துவிட்டதா என்று வியந்தேன். இல்லையாம். ஊரில் அவருக்குப் பிடிக்காத ஒருவர் இருக்கிறாராம்.

அவர் நலமாக இருக்கிறார், போன மாதம்கூடத் தம்பி போனில் என்னைப் பார்த்துக் குனிந்தார். முடிவெட்டுவதை நானும் விடவில்லை. பொய் என்று தெரிந்துகொண்டு ஒரு சாத்திரத்தை மீறுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முழுக்க நம்பிக்கொண்டே, பழி பிள்ளைமேல் விழக்கூடாது என்று, அதைத் தன் கையாலேயே மீற ஒரு மனிதருக்கு எவ்வளவு பிரியம் வேண்டும் என்பதுதான் இன்றைக்கும் என்னால் அளக்க முடியவில்லை.